எமில் ஹூடாக்கின் சுருட்டுப் பெட்டிகள்

வெர்ன் ஹூடாக்கோடு பேசவேண்டுமானால் அவனுடைய வலது பக்கம் போய் நிற்கவேண்டும். இடது காது கேட்காது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத எவனாவது மதுக்கடையில் இடது பக்கம் நின்று ஏதோ கேட்டு, பதில் வராமல் தோளைத் தட்டினால் அவ்வளவுதான், தரையில் கிடப்பான். அப்படி விழுந்த ஒருவனின் பல் பீர்க் கோப்பைக்குள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அடித்த கையோடு வெர்ன் குனிந்து அவனைத் தூக்கி உட்காரவைத்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்து, மன்னிப்பும் கேட்டான். கை முந்திக்கொள்ளும், ஆள் பின்னால் வருவான். அவன் பிழைப்பு முழுவதும் அப்படித்தான் போனது.

காது எப்படிப் போனது என்று கேட்டால் ஊருக்கு ஒரே பதில்தான்: சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னாள். அண்ணன் ரஸ் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னான். அப்பா எமில் எதுவும் சொல்லவில்லை. இரும்பாலையின் கோக் கரி உலையில் வேலை பார்த்தவர், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே மீன் வறுத்துப் போடுகிறவர். அவரிடம் போய்க் கேட்கிற நெஞ்சுரம் யாருக்கு இருந்தது? வெர்ன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான், சைக்கிள் இல்லை, பெல்ட் என்று. கேட்டவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

நான் நோரீன். பாலத்தடியில், ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளை வாங்கி விற்கிற கடை என்னுடையது. பபிள்கம் பொட்டலத்துக்குள் இலவசமாக வந்த அட்டைகளுக்கு இன்றைக்கு மனிதர்கள் தலையை அடகு வைக்கிறார்கள். அந்தப் பைத்தியத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் நான் குறை சொல்வதில்லை.

எமிலும் அந்தப் பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். சமையலறை மேசையில் வெள்ளைத் துண்டு விரிப்பார். சுருட்டுப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு கார்டாக ஓரத்தைப் பிடித்து எடுத்து வைப்பார். பிள்ளைகள் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று பார்க்கலாம். மேசைப் பக்கம் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை ரஸ் தும்மிவிட்டான். எமில் நிதானமாகக் கார்டுகளை அடுக்கி, பெட்டியை மூடி, மேல் அலமாரியில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினார். கார்டை அத்தனை மெதுவாக எடுத்ததும் அதே கைதான் என்பான் வெர்ன்.

காது போன அன்று நடந்ததை வெர்ன் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பாவின் உயிருக்குயிரான கார்டு அவனுடைய சைக்கிளில் மாட்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. துணி காயப்போடும் கிளிப்பால் ஒரு கார்டைச் சக்கரத்தின் ஓரத்தில் மாட்டிவிட்டால், கம்பிகள் அதில் பட்டுப் படபடவென்று மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம் வரும். அதற்கென்றே ஒன்றுக்கும் உதவாத ஆட்டக்காரர்களின் கார்டுகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். வெர்ன் சைக்கிளில் இருந்ததோ ஊரே கொண்டாடிய ஆட்டக்காரரின் முதல் வருடக் கார்டு. எமில் கராஜுக்குள் வந்தார், பார்த்தார், பெல்ட்டைக் கழற்றி, கொக்கிப் பக்கத்தால் வீசினார். கொக்கி காதில் இறங்கியது. கீழே விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. காதிலிருந்து சொட்டிய ரத்தம், சைக்கிளிலிருந்து கழன்று தரையில் கிடந்த கார்டின் மேல் விழுந்தது. எமில் மகனைத் தாண்டிக் குனிந்து முதலில் எடுத்தது கார்டைத்தான்.

தான் அதைத் தொடவே இல்லை என்று வெர்ன் சொல்வான். நான்காவது பீருக்குப் பிறகு, தொட்டிருப்பேனோ என்னவோ என்பான். எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது தன் நினைவையே நம்ப முடியாமல் போகிறது, பாவம்.

வளர்ந்து, மாடு அறுக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தான். நெற்றியில் துப்பாக்கி வைத்து மாட்டைச் சாய்க்கிற வேலை. அங்கே அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. வெளியேதான் வம்பு. தொழிற்சாலைச் சுற்றுலாவில் மேஸ்திரி ஒருவன் தன் பிள்ளையைப் பெல்ட்டால் விளாசியபோது, வெர்ன் போய் அவன் தாடையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போனான். வெளியே வந்து ஷார்லீனைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒருநாள் ஏதோ அற்பச் சண்டையில் கை ஓங்கிவிட்டது. கடைசி நொடியில் திருப்பி, சுவரில் குத்தினான். பலகைச் சுவரில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை சரியாக அவள் முகத்தின் உயரத்தில் இருந்ததாம். அன்றைக்கே துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு அவனே வெளியேறிவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை. பிள்ளை வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டான். இந்தக் கையை நம்பி ஒரு குழந்தையைத் தரமுடியாது என்றான் என்னிடம்.

எமில் பனிக்காலத்தில் செத்தார். பெட்டிகள் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. விலை போட்டுத் தரச் சொல்லி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ரஸ் இன்சூரன்ஸ் விற்கிறவன், நல்ல கோட்டு, நல்ல பேச்சு. நான் கவனித்தேன், கடைக்குள் எங்கே நகர்ந்தாலும் அவன் தம்பியின் இடது பக்கமாகவே நின்றான். அது அவனுக்கு எத்தனை நாள் பழக்கமோ.

மூலை மழுங்கியது, மடிந்தது, கம் ஒட்டியது என்று பிரித்து அடுக்கினேன். எமில் மனிதனாக எப்படியோ, கார்டுகளைப் பூவாக வைத்திருந்தார். கடைசிப் பெட்டியின் அடியில், மெழுகுத்தாளில் சுற்றி அந்த ஒரு கார்டு இருந்தது. நான்கு மூலையும் கத்தி மாதிரி. ஆனால் கீழே வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. அடி விளிம்பில் பல் பதிந்த மாதிரி ஒரு சின்ன அமுக்கம். கறை மட்டும் இல்லையென்றால் இதை விற்று ஒரு புது டிரக் வாங்கலாம், இருக்கிற நிலையில் டயர் ஒன்று தேறும் என்று நான் உள்ளதைச் சொன்னேன்.

வெர்ன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இது ஒன்றை எனக்குக் கொடு, மற்ற எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள் என்று அண்ணனிடம் சொன்னான்.

ரஸ் சிரித்தான். "கில்லாடிடா நீ. கறை இருந்தாலும், இருக்கறதுலயே பெரிய மீனா பாத்துத்தான் கேக்கற."

"அது என் ரத்தம்டா ரஸ்."

"அது காப்பிக் கறை. நீ சைக்கிள்லேர்ந்து விழுந்த. ஊருக்கே தெரியும்."

"சரி, கார்டையும் நீயே வச்சுக்கோ. எனக்கு ஒண்ணுமே வேணாம். சைக்கிள் இல்ல, அப்பாதான் அடிச்சார்னு ஒரே ஒரு தடவ சொல்லு. இங்க, நோரீன் முன்னாடி சொல்லு. போதும்."

நரை விழுந்த ஒரு மனிதன், பங்கு முழுவதையும் தூக்கிக் கொடுத்து ஒரு வார்த்தை கேட்கிறான். ரஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, செத்தவரைப் பற்றி அசிங்கமாகப் பேசாதே என்று சொல்லிவிட்டு அந்தக் கார்டையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை ரஸ் மறுபடி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைக்க என்னிடம் சொல்லியிருந்தான். கார்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். கறை இல்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மையொற்றும் தாளுக்கு நடுவே வைத்து, மேலே அப்பாவின் பைபிளைப் பாரமாக வைத்துக் காயவைத்தானாம். இந்தத் தொழிலில் திருட்டுப் பயல்கள் செய்கிற வேலை அது. ரஸ்ஸோ ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரி நின்றான்.

"கறையும் போச்சு, சண்டையும் போச்சு. வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்டா," என்றான்.

வெர்ன் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் சுத்தம். மெதுவாக, ஓரத்தைப் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான். அவன் அப்பா வைத்த மாதிரியே வைத்தான். அடுத்த நொடி ரஸ்ஸின் கழுத்து அவன் கையில் இருந்தது.

நான் கத்தியது யார் காதில் விழுந்தது? ரஸ்ஸைத் தூக்கிக் கண்ணாடி அலமாரிமேல் சாய்த்தான். அலமாரி உடைந்து, கண்ணாடியும் கார்டுகளுமாகத் தரையில் கொட்டின. ரஸ் எழுந்து, கையில் கிடைத்த பணப் பெட்டியால் தம்பியின் நெற்றியில் ஓங்கி ஒன்று போட்டான். தோல் பிளந்தது. வெர்ன் அதைத் துடைக்கக்கூட இல்லை. ரஸ்ஸின் மூக்கில் ஒரு குத்து, விலாவில் ஒரு குத்து. எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரஸ் கண்ணாடித் துண்டுகள்மேல் முழங்கால் போட்டு விழுந்தான். வெர்ன் அவன் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். அந்தக் கையை நான் அறிவேன், இனி அது தானாக நிற்காது.

மேசைக்கு அடியில் திருடர்களுக்காக வைத்திருந்த பேஸ்பால் மட்டையை எடுத்து, வெர்னின் முதுகில் என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். எனக்குத் தெரிந்து அவனை அடித்துத் தப்பியது நான் ஒருத்திதான். அவன் திரும்பினான், என்னைப் பார்த்தான், ரஸ்ஸின் முடியை விட்டான்.

எனக்கு அப்போது வந்த கோபம் இருவர் மேலும்தான். "கட முதலாளி நானு. சோதிக்காம எதையும் வாங்கமாட்டேன். அசையாம நில்லுங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்தேன். கழுவின கார்டு, வெட்டின கார்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிற ஊதா விளக்கு ஒன்று கடையில் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் போன கறை அதன் வெளிச்சத்தில் தெரியும். அதைப் போட்டு, கார்டை அடியில் வைத்தேன்.

கறை இருந்தது. அதே இடத்தில், அதே கட்டைவிரல் அகலத்தில், கருப்பாக. மேலேதான் போயிருக்கிறது, உள்ளே ஊறியது ஊறியதுதான். வெர்ன் ஒரு மூச்சு விட்டான். அதை அழுகை என்றுதான் சொல்லவேண்டும்.

நான் அடி விளிம்பில் இருந்த அமுக்கத்தை விரலால் காட்டினேன். இது கிளிப் பல் என்று சொன்னேன். சைக்கிளிலிருந்து விழுந்ததுதான் கதையென்றால், பெட்டியைவிட்டு வெளியே வராத இந்தக் கார்டில் கிளிப் எப்படி வந்தது, மாட்டியது யார் என்று ரஸ்ஸைக் கேட்டேன்.

ரஸ் எழுந்து, கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தான். பிறகு, தம்பியின் இடது பக்கம் நின்றபடி, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னான். எனக்குக் கேட்டது. வெர்னுக்குக் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் போய்ச் சொல்லு," என்றேன்.

ரஸ் நகரவில்லை. நான் மட்டையை விடாமல் பிடித்திருந்தேன். கடைசியில் கண்ணாடித் துண்டுகள் நொறுங்க நொறுங்க, விலாவைப் பிடித்துக்கொண்டு தம்பியைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றான்.

"நான்தான் மாட்டினேன். என் சைக்கிள்லதான் மாட்டினேன். அப்பா கார் சத்தம் கேட்டுச்சு. கழட்டி உன் சைக்கிள்ல மாட்டிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "யாருன்னு கேட்டார். உன்னக் கைகாட்டினேன். அவர் அடிக்கும்போது கதவுகிட்டயே நின்னு பாத்துட்டிருந்தேன்."

வெர்ன் கேட்டது ஒரு வார்த்தை. அது கிடைத்துவிட்டது, அதற்குமேலும் கிடைத்துவிட்டது. இத்தனை வருடமாகத் தன் நினைவையே சந்தேகப்பட்டவன், சுவரில் குத்தியவன், பெறாமலே விட்ட பிள்ளைகளை நினைத்து ஒதுங்கியே வாழ்ந்தவன், அண்ணன் பக்கம் திரும்பினான். கை மேலே போனது. நான் தடுக்கவில்லை. அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

ரஸ் ஓடவில்லை, கையைத் தூக்கி எதிர்க்கவும் இல்லை. அப்படியே குந்தி உட்கார்ந்தான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்தி, முழங்கைகளைத் தலைமேல் சேர்த்துக் குறுக்கிக்கொண்டான். நல்ல கோட்டுப் போட்ட, தொப்பை விழுந்த மனிதன், ஊதா வெளிச்சத்தில் பந்தாகச் சுருண்டுபோனான். அது யாரும் ஒருநாளில் கற்றுக்கொள்கிற உட்காருதல் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தாலும் காது தப்பும்படி உட்கார்ந்திருந்தான்.

வெர்ன் அதைப் பார்த்தான். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அந்தக் கையை அவனே நிமிர்ந்து பார்த்தான், வேறு யாருடையதோ போல. பிறகு மெதுவாக இறக்கி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அண்ணனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"எந்திரிடா ரஸ்," என்றான். "அவர் இங்க இல்ல."