பிரேக் அக்கா நிறுத்தும் சுவர்

"சுவர் உங்களுது பெரியம்மா. இடிச்சது நான். கதை என்னுது. அதுல நீங்க விளக்குமாத்தோட வந்தா நான் என்ன பண்றது? பூச்செண்டோட வந்தாங்கன்னு மாத்திச் சொல்லட்டுமா?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர்களை என் வீட்டு மதிலோரம் நிறுத்தச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, கடைசியில் என்னைக் கைகாட்டி, "அந்த அம்மா இவங்கதான்" என்பாள். "என்னை ஏண்டி நடுவுல இழுக்கறே? வர்றவளுங்க எல்லாம் பேயைப் பார்க்கிற மாதிரி பார்க்கறாளுங்க" என்று ஒரு நாள் கேட்டேன். அதற்குத்தான் இந்த வாய்.

நடந்தது இதுதான். முன்பு அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஒரு காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியவள், என் வீட்டு முனையில் பிரேக்கை மிதித்தாள். பெடல் இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் போட்டிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டுபோய் அதன் அடியில் உட்கார்ந்திருந்தது. வண்டி நேரே என் மதிலில். மதில் கட்டி ஈரம்கூடக் காயவில்லை. நான் விளக்குமாறோடுதான் ஓடினேன், மறைக்க என்ன இருக்கிறது? தோள்பட்டை எலும்பு உடைந்து கீழே உட்கார்ந்திருந்தவளை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தேன். திட்டு எதுவும் அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "வண்டில புள்ளைங்க இல்ல பெரியம்மா, புள்ளைங்க இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை போயிற்று. "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று பேச ஆளுக்கா பஞ்சம்? ஒரு வருஷம் அவள் எந்த வண்டியின் சாவியையும் தொடவில்லை. என் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். பிறகு ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுத்துப் பேசும் வேலைக்குச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுக்கப் பெண்தான் வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்கக் கேட்க, முதலாளி அவளையே வண்டியில் ஏற்றிவிட்டான்.

ஆள் ஒல்லி, தொண்டை மட்டும் இரண்டு ஆளுக்குரியது. பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரைவருக்கு முன்னால் இவள் கால் பிரேக் பிடிக்கும். பேரம் என்றால் உயிர். நாலு எலுமிச்சம்பழத்துக்காக, கடைக்காரன் "எடுத்துட்டுப் போ தாயே" என்று கையெடுத்துக் கும்பிடும்வரை நிற்பாள்.

யார் வந்தாலும் சாவியைக் கொடுக்கும் முன் குனியச் சொல்வாள்.

"பெடலுக்கு அடில கையை விட்டுத் துழாவு. என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"அது தெரிஞ்சப்புறம் ஏறு."

பிறகு என் மதில். ஒட்டுப்போட்ட இடம் இன்றும் நிறம் சேராமல் தனியாகத் தெரியும். அங்கே என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பாள். கார்க் கண்ணாடி இறக்கித்தான் இருக்கும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. எங்கே பிசகினாள், எப்படித் திரும்ப ஸ்டியரிங்கைத் தொட்டாள், அவ்வளவுதான். கண்ணீரும் கிடையாது, மூக்கு உறிஞ்சலும் கிடையாது. "கொஞ்சம் அழுது சொன்னா இன்னும் நல்லா உறைக்குமேடி" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அழுதா என்னைப் பாப்பாங்க பெரியம்மா. பெடலைப் பாக்க மாட்டாங்க."

இதற்கும் வந்தது வினை. ஒருத்தியின் புருஷன் ஸ்கூலுக்கே போய், "வண்டிய மோதினவகிட்டயா என் பொண்டாட்டி கத்துக்கணும்?" என்று கத்தினான். முதலாளி இவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை அந்தக் கதை உன் வாயில வந்துச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடு" என்றான். வீட்டில் சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்தி. புருஷனுக்கு இடுப்பு போய் வருஷமாகிறது. மகன் இன்னும் படிக்கிறான். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடி" என்று நானும் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றாள். அவள் பாக்கலாம் என்றால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் கார் வந்தது. பின்சீட்டில் முதலாளி, காவலுக்கு. ஓட்டியவள் ஒரு தையல்காரி. போன வாரம் யாரோ வீட்டு இரும்புக் கதவில் இடித்தவள். முனையில் எதிரே லாரி வரவும், கார் குலுங்கி என் மதிலோரம் அணைந்தது. தையல்காரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னால முடியாதுக்கா. நான் எறங்கிக்கறேன். இனிமே வரமாட்டேன்."

"பரவால்லம்மா, விடுங்க. அவங்க ஓட்டிட்டு வருவாங்க" என்றான் முதலாளி.

பிரேக் அக்கா மதிலைப் பார்த்தாள். பின்னால் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க. அந்த ஒட்டைத் தொட்டுப் பாருங்க. அது நான் இடிச்ச இடம்."

முதலாளி கனைத்தான். கனைத்தால் நிற்கிற ஆளா? பாட்டில், பிரேக், எலும்பு, போன வேலை, சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷம், ஒன்றையும் விடவில்லை. விளக்குமாறு வந்த இடத்தில் தையல்காரி என் பக்கம் திரும்பினாள். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"நெசமாவா பாட்டி?"

"நெசந்தான். ஆனா இந்த விளக்குமாறு இல்ல. அது தேஞ்சு போச்சு."

அழுகையோடு அழுகையாக அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிச்சது போதும். குனிஞ்சு பாத்துட்டு ஏறுங்க" என்றாள் பிரேக் அக்கா.

கார் ஒரு முறை குலுங்கி நின்றது. மறுமுறை கிளம்பியது. முனையை ஒழுங்காகவே திரும்பியது. பின்சீட்டில் முதலாளியின் தலை மட்டும் விறைத்துக்கொண்டு போனது. ஸ்கூல் வாசலில் அவன் கேட்கும் முன்பே சாவியை அவன் கையில் வைத்திருக்கிறாள். "அவரு கேக்கட்டும்னு நிக்கறது எனக்குப் பிடிக்கல" என்றாள் என்னிடம்.

அப்புறம் கொஞ்ச காலம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் வேன் ஓட்டினாள். இருந்த கொஞ்சம் தங்கத்தை விற்றாள். இப்போது சொந்தமாக ஒரு பழைய கார். கதவுக்குக் கதவு வேறு நிறம். அதை விற்றவன் இவளுடைய பேரம் தாங்காமல் விலையையும் இறக்கி, உபரி டயரையும் கொடுத்து அனுப்பினானாம். அதில் கற்றுக்கொள்ள முதலில் வந்து பணம் கட்டியவள் அந்தத் தையல்காரி.

நேற்று என் மதிலோரம் வந்து நிறுத்தினாள். அவள் உட்காரும் பக்கத்தில், காலடியில், புதிதாக இன்னொரு பிரேக் பொருத்தியிருந்தது. சொல்லிக்கொடுக்கிறவளுக்கென்று தனி பிரேக். குனிந்து அதன் அடியில் கையை விட்டுத் துழாவிவிட்டு, காலை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"இதுல எவ்வளவுடி குறைச்சே?" என்று கேட்டேன்.

"பிரேக்குலயா?" என்று முறைத்தாள்.

மெக்கானிக் சொன்ன விலையை அப்படியே கொடுத்திருக்கிறாள். காரின் விலையில் கால் பங்கு.