பெட்டியில் மிஞ்சிய ஒன்று

இதை எங்கள் வீட்டில் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்த விஷயம்" என்பார்கள். யாராவது பேச்சை எடுத்தால் அம்மா டம்ளரை நங்கென்று வைப்பாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். கட்டுக்கதையாக இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நாலு பேர் உட்கார்ந்து சிரித்திருக்க மாட்டோமா? சிரித்ததில்லை. நடந்தது என் சித்திக்கு. அம்மாவின் தங்கை. இருட்டைக் கண்டு நடுங்குகிற ஆள் இல்லை அவள். தவிர, நடந்தது எதுவும் இருட்டில் நடக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் இரண்டரை மணிக்கும் நடுவில்.

நிலக்கரிச் சுரங்கத்தின் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது சித்திக்கு இருபத்தாறு வயது. சித்தப்பா அதே சுரங்கத்தில் கீழே இறங்குகிறவர். என் அப்பாவும் அங்கேதான். இருவருக்கும் காலை ஷிப்ட். குடும்பமே ஒரே குழியை நம்பிப் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்த டைப்ரைட்டர் கொஞ்சம் விசேஷமானது. அதன் முன்பக்கத்தில் ஒரு பித்தளைப் பெட்டியைத் திருகி மாட்டியிருந்தார்கள். கூட்டல் பெட்டி என்று பெயர். கால்குலேட்டர் எல்லாம் வராத காலம் அது. டைப்ரைட்டரில் ஓர் எண்ணை அடித்தால் தாளில் விழும். அதே நேரம் பெட்டிக்குள் பல்சக்கரம் சுற்றி, அந்த எண் உள்ளேயும் ஏறிக்கொள்ளும். பெட்டியின் முகத்தில் வரிசையாக ஐந்து குட்டி ஜன்னல். மொத்தம் எவ்வளவு என்று அதில் தெரியும். பக்கத்தில் ஒரு பிடி. அதைக் கீழே இறக்கிவிட்டு அடித்தால் கூட்டாது, கழிக்கும்.

சுரங்கத்தில் அதை வைத்து ஆட்களை எண்ணினார்கள். கீழே போகிற ஒவ்வொருவனும் விளக்கு ரூமில் தன் விளக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டும். காலை ஆறரைக்கு அங்கிருந்து சீட்டு வரும். பன்னிரண்டு, ஒன்பது, பதினாலு, பதினொன்று. மொத்தம் நாற்பத்தாறு. சித்தி அடித்துக் கூட்டி வைப்பாள். மதியம் இரண்டு பத்துக்கு, மேலே வந்து சேர்ந்த விளக்குகளின் சீட்டு வரும். அதைக் கழிப்பாள். ஐந்து ஜன்னலிலும் பூஜ்யம் வந்தால்தான் நட்சத்திர விசை அழுந்தும். தாளில் நட்சத்திரம் விழுந்தால் கீழே ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வெடிக்காரர் இரண்டரைக்குக் கீழே வெடி வைப்பார்.

நட்சத்திரம் தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை விட்டுப் போகிற பழைய டைப்பிஸ்ட், ஐம்பது வயதுக்காரி, மூன்று நாள் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். சித்தி அவளை அக்கா என்று கூப்பிட்டாள். நல்ல மாதிரிதான். ஆனால் மூன்று நாளும் இரண்டு பத்து ஆனால், "நீ தள்ளு, இத நான் பாத்துக்கறேன்" என்று பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு கடைசி வேலையை அவளே முடித்தாள். போகும்போது தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி மேஜையில் வைத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"தேவைப்படும்."

நாலாம் நாளே தேவைப்பட்டது.

மணி 2.12. நாற்பத்தாறு பேர் போயிருந்தார்கள், நாற்பத்தாறு விளக்கு வந்துவிட்டது. சித்தி கழித்தாள். நாலு ஜன்னலில் பூஜ்யம். கடைசி ஜன்னலில் 1.

மறுபடி முதலிலிருந்து அடித்தாள். 1. பேப்பரில் கையால் கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரி. நட்சத்திர விசை கல் மாதிரி நின்றது. மேனேஜர் ஓடி வந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆபீஸில் எல்லோரும் 'சீக்கிரம்' என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

"என்னம்மா, சீக்கிரம்!"

"கீழ ஒருத்தர் இருக்காரு சார். பெட்டி காட்டுது."

"பெட்டி காட்டுதா? ஊசியால தள்ளிவிட்டு நட்சத்திரத்த அடிம்மா!"

சித்தி மாட்டேன் என்றாள். வேறு வழியில்லாமல் ஆட்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். நாற்பத்தாறு பேரும் இருந்தார்கள். அப்படியும் சித்தி பிடிவாதத்தை விடவில்லை. ஆறு பேர் மறுபடி கீழே போய் மூன்று மணி நேரம் தேடினார்கள். ஓர் ஈ காக்கை இல்லை. பசியோடு நின்ற ஆட்கள் சித்தியைப் பார்த்து வாய் கூசாமல் பேசினார்கள். "கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் மெஷின குடுத்தா இப்படித்தான்" என்றான் ஒருவன். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சித்திக்கு மானம் போயிற்று.

மறுநாள் 2.12. மறுபடியும் 1. சித்தி ஊசியை எடுத்தாள். ஜன்னல் ஓரத்து இடுக்கில் நுழைத்து, சக்கரத்தை ஒரு பல் தள்ளினாள். பூஜ்யம். நட்சத்திரம் விழுந்தது. அவ்வளவு சுலபம்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். மெக்கானிக் வந்து பெட்டியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, நூறு கணக்குப் போட்டுப் பார்த்தான். நூறும் சரி. "மெஷின் புத்தம் புதுசு மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கும் 2.12-க்கு 1.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள், மணி 1.20. ஆபீஸில் சித்தி மட்டும். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

டக்.

திரும்பிப் பார்த்தாள். டைப்ரைட்டரில் வெறும் தாள் ஒன்று செருகியிருந்தது. அதில் ஒரே ஓர் எண். 1. கிட்டப் போனாள். அந்த எண்ணின் விசை மேல் ஈரமாக, கறுப்பாக, ஒரு விரல் அடையாளம். நிலக்கரித் தூள். அவள் கை சுத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, இப்படிச் செய்வோம். தினமும் மேல வந்ததும் உன் ஜன்னல்ல ரெண்டு தட்டு தட்டறேன். அதக் கேட்டப்புறம் ஊசியத் தொடு. போதுமா?"

போதும் என்றாள் சித்தி. மற்ற நாற்பத்தைந்து பேருக்கு யார் தட்டுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. பெண்டாட்டி என்றால் அப்படித்தான் இருப்பாள். நான் குறை சொல்லவில்லை.

ஐந்து வாரம் ஒழுங்காக நடந்தது. இரண்டு பத்துக்கு டொக் டொக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரி அப்பிய சித்தப்பாவின் சிரிப்பு. ஊசி. நட்சத்திரம். சித்திக்குப் பயமே விட்டுப்போனது. அந்த 1 அவளுக்கு வாசலில் படுத்திருக்கிற நாய் மாதிரி ஆகிவிட்டது. தாண்டிப் போகப் பழகிவிட்டாள்.

அன்றைக்கு மழை.

ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளுத்திருந்தது. 2.08-க்கே சீட்டு வந்துவிட்டது. விளக்கு நாற்பத்தாறும் சரி. சித்தி கழித்தாள். 1. வழக்கம்தான். காத்திருந்தாள்.

2.11.

டொக்... டொக்.

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஹெல்மெட் போட்ட ஓர் உருவம். சித்தப்பாவின் உயரம். முகம் கீழே குனிந்திருந்தது. மழைக்காகக் குனிந்திருக்கிறார் என்று நினைத்தாள். கையை ஆட்டினாள். உருவம் கையை ஆட்டவில்லை. போகவும் இல்லை... அங்கேயே நின்றது.

"சீக்கிரம்மா!" என்று உள்ளேயிருந்து குரல்.

ஊசியை நுழைத்தாள்.

சக்கரம் நகரவில்லை.

ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறுக்கம். தள்ளினாள். 1 பாதி நகர்ந்து, மறுபடி 1-க்கே திரும்பியது. இன்னும் அழுத்தித் தள்ளினாள். மறுபடி திரும்பியது.

பல்லைக் கடித்துக்கொண்டு பலமாகத் தள்ளினாள்.

கடக்.

பூஜ்யம்.

நட்சத்திரம் விழுந்தது. மணி 2.14. ஜன்னலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

2.30. தரை அதிர்ந்தது. டம்ளரில் தண்ணீர் ஆடியது. வழக்கமான வெடி.

2.34. என் அப்பா நனைந்துகொண்டே வாசலுக்கு வந்தார்.

"எங்கம்மா அவன்? என்கூட மேல வர்ற கூண்டுல ஏறலையே. எனக்கு முன்னாடியே வந்துட்டானா?"

"வந்துட்டாரே மாமா. ஜன்னல்ல தட்டினாரே..."

அப்பா திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார்.

இருவரும் விளக்கு ரூமுக்கு ஓடினார்கள். சித்தப்பாவின் விளக்கு அவருடைய கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவருதாங்க குடுத்தாரு" என்றான் விளக்கு ரூம்காரன். "கூட்டத்துல மூஞ்சியப் பாக்கல. கை பட்டுச்சு. சில்லுனு இருந்துச்சு... மழைன்னு நெனச்சேன்."

இரண்டு நாள் தோண்டி சித்தப்பாவை எடுத்தார்கள். வெடிக்கு முன்பே ஒரு கல் சரிந்து காலில் விழுந்திருந்தது. அதில் அவர் சாகவில்லை. பக்கத்தில் ஓடிய காற்றுக் குழாயைக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். குழாய் முழுக்கப் புது வடு. யாராவது ஒருவர் பூஜ்யத்துக்காகக் காத்திருந்தால் ஆளை உயிரோடு தூக்கியிருக்கலாம்.

பெட்டி அன்று பொய் சொல்லவில்லை. சித்திதான் அதன் வாயை அடைத்தாள். அவளே என்னிடம் சொன்ன வார்த்தை இது.

கம்பெனி பெரிய மனசு பண்ணியது. அனுதாபம் தெரிவித்து, அதே வேலையை அவளுக்கு நிரந்தரமாக்கியது. ஒரு மாதம் கழித்து சித்தி மறுபடி போய் உட்கார்ந்தாள். 2.12-க்கு 1. அன்று சாயங்காலமே பழைய டைப்பிஸ்ட்டின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. சித்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு யாரு? வீட்டுக்காரரா?"

சித்தி தலையாட்டினாள்.

"எனக்கு என் மூத்தவன். எனக்கு முந்தி இருந்தவளுக்கு அவ தம்பி. ஊசியால தள்ளறது யாரோ, அவங்க வீட்டு ஆளு."

"தெரிஞ்சுமா என்னை உக்கார வெச்சீங்க?"

"எனக்குச் சின்னவன் ஒருத்தன் மிச்சம் இருக்கான். அவனும் கீழதான் எறங்கறான். நான் என்ன செய்ய?"

"தள்ளாம விட்டா?"

"விட்டுப் பாத்தேன். மேனேஜர் என் விரலப் பிடிச்சுத் தள்ள வெச்சாரு." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "அது ஒரு ஆளோட நிக்காது. உனக்குக் கீழ இன்னும் யாராவது இருக்காங்களா?"

இருந்தார். என் அப்பா.

சித்தி மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். வேறு ஆளைப் பழக்கிவிட்டுப் போ என்றார் மேனேஜர், சீக்கிரம் என்றார். நாலே நாளில் ஒரு பெண் வந்தாள். இருபது வயது. ரொம்பத் துறுதுறுப்பு. வந்த உடனேயே அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். சித்தி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டுல யாராவது கீழ எறங்கறாங்களா?"

"எங்க அண்ணன் இருக்காருக்கா. எங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அவர்தான் என்னை வளத்தாரு."

சித்திக்குச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்ததாம். அப்போது ஜன்னல் வழியே பார்த்தால், ஷிப்ட் முடிந்து என் அப்பா முற்றத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இரண்டு வயது.

"வா, உக்காரு" என்றாள் சித்தி.

மூன்று நாள் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அப்பா அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் அதே குழியில் இறங்கி ஏறினார். உடம்பில் ஒரு கீறல் விழவில்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் என்ன ஆனான் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததே இல்லை. போன வருஷம் நான்தான் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். சித்தி வேலையை விட்ட நாற்பத்து மூன்றாம் நாள். மதியம் இரண்டரை மணி.

அன்று இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். சும்மா என்றேன். நானும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.