என்ர படத்துக்குக் கீழ அப்பான்ர பேர்

கமராவும் நகல் எடுக்கிற கொப்பியரும் திருத்திற தொழிலில, மிசின் ஓடினால் கொம்பனிக்குப் புகழ், நிண்டால் எங்களுக்குப் பேச்சு. வேலைத்தளத்தில பேரைத் துலைச்ச சகோதரங்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கமராவில துவங்கிக் கொப்பியருக்கு மாறின எங்கட கொம்பனி, போன வருசம் தன்ர வரலாற்றைப் புத்தகமாப் போட வெளிக்கிட்டுது. பழைய ஆக்களின்ர படமும் வருமெண்டினம். நான் சிவகுமார். என்ர படத்துக்குக் கீழ என்ர பேர் வரவேணும். நான் கேட்டது அவ்வளவுதான்.

குடும்பப் பெயர்

இந்த நாட்டுக்கு வந்து குடுத்த அகதி மனுவில குடும்பப் பெயர் எண்டு ஒரு கட்டம். எங்களுக்கு ஏது அந்தச் சாமான்? பக்கத்தில இருந்த அண்ணை ஒருத்தர் அப்பான்ர பேரைப் போடும் எண்டார். கந்தையா எண்டு போட்டன். அண்டைக்குப் பிடிச்ச சனியன்.

வின்டர்தூர் எண்ட ஊரில கமரா திருத்திற பகுதியில வேலை கிடைச்சுது. முதல் நாளே ஷெவ், எங்கட மேலாளர், "ஹெர் கந்தையா", அதாவது திருவாளர் கந்தையா எண்டு எழுதின அட்டையைச் சட்டையில குத்திவிட்டார். இது அப்பான்ர பேர், அவர் கோப்பாயில புகையிலைத் தோட்டம் செய்யிறார் எண்டு தெரிஞ்ச டொச்சில, அவையின்ர ஜெர்மன் பாஷையில, விளக்கினன். மனுசன் முழுக்கக் கேட்டார். பிறகு தோளில தட்டிச் சொன்னார்: "பிரச்சினையில்லை, ஹெர் கந்தையா."

ரெண்டிலயும் கண்ணாடி

எட்டு வருசம் லென்ஸ் துடைச்சுப் பழகின கை. இனிக் கமரா ஓடாது, எல்லாரிட்டையும் ஃபோன் இருக்கெண்டு ஒரு கிழமைக்குள்ள பகுதியை இழுத்து மூடிச்சினம். சரி, மூடுங்கோ. அதுக்காக நல்ல லென்ஸுகளையும் அள்ளிக் குப்பைக்குள்ள கொட்டுறதோ? கொட்டின ஒருத்தனுக்கும் அதில ஒண்டைக் கழட்டிப் பூட்டத் தெரியாது.

என்னைக் கொப்பியருக்கு மாத்தினவை. எனக்கு அந்த வேலை தெரியாதெண்டன். ஆள் எடுக்கிற பகுதிப் பொம்பிளை சிரிச்சுக்கொண்டு சொன்னா: "ரெண்டிலயும் கண்ணாடிதானே இருக்கு."

பூம்ப்ளிஸில ஒரு பிள்ளை

பூம்ப்ளிஸ் எண்ட இடத்தில ஒரு வழக்கறிஞர் கந்தோருக்குத் திருத்தப் போனன். கொப்பியருக்குள்ள டோனர் பெட்டி வெடிச்சு, மை தூளாக் கொட்டி, நான் முழங்காலில நிண்டு துடைக்கிறன். முகமெல்லாம் கரி. அங்க வேலை செய்யிற பிள்ளை இங்க பிறந்தவ, எங்கட தமிழ்ப் பிள்ளை. அன்பாத் தண்ணி கொண்டுவந்து தந்தா.

அட்டையை வாசிச்சா. ஒண்டும் சொல்லாமல் போயிருக்கலாம். "அங்கிள், குறை நினைக்காதேங்கோ, உங்கட பேர் சரியான பழசு."

சிலுவை

புத்தகத்தின்ர மாதிரிப் பக்கம் வந்துது. என்ர படம், கீழ கந்தையா. கோவத்தை அடக்கி மரியாதையா எழுதினன்: கந்தையா என்ர அப்பா, அவர் செத்து ஆறு வருசம், படத்தில இருக்கிறது மகன் சிவகுமார். நன்றி, திருத்திறம் எண்டு பதில் வந்துது. நானும் நம்பினன், விசரன்.

புத்தகம் வந்த அண்டு கன்டீனில எல்லாருக்கும் முன்னால விரிச்சன். அதே படம், அதே கந்தையா. பக்கத்தில புதுசா ஒரு சின்னச் சிலுவை. இந்த நாட்டில செத்தவையின்ர பேருக்குப் பக்கத்தில போடுற அடையாளம். அப்பா ஒரு நாளும் கொப்பியரைக் கண்ணால கண்டவரில்லை. விபூதி பூசாமல் படலை தாண்டாத மனுசன்.

ஷெவ்வின்ர மேசையில புத்தகத்தை எறிஞ்சன். உயிரோட நிக்கிறவனைச் சாகடிச்சுப்போட்டியள், செத்த மனுசனைச் சிலுவையில ஏத்திப்போட்டியள், என்ர பேர் எங்க எண்டு கத்தினன். அவர் படத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "அச்சாகீட்டுது. ஆனா படம் நல்ல தெளிவு, ஹெர் கந்தையா."

செத்தவனெண்டு அச்சடிச்ச அதே கொம்பனி, ஆரா எண்ட ஊரில ஒரு மிசின் நிண்டுபோச்சு, திங்கக்கிழமை ஏழரைக்குப் போகவேணுமெண்டு கந்தையாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கு. அப்பா வரமாட்டார், நான்தான் போகவேணும்.