ஏழு மணித் தோடு

"நகை வேலை வகுப்புக்குப் போயேன்" என்று தங்கைதான் முதலில் சொன்னாள். புதிதாக வாங்கிய கேஸ் டார்ச்சைச் சமையல் மேடையில் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரக்கூட இல்லை.

"எதுக்கு? பதினஞ்சு வருஷமா மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடுறேன். எறும்புக்கே கண்ணாடி மாட்டுவேன் நான்."

"அது ஸ்க்ரூ. இது நெருப்பு."

"நாப்பது வீடியோ பாத்தாச்சுடி. அவங்களுக்கும் ரெண்டு கைதானே?"

"நீ வீடியோவைப் பாப்பே. வீடியோ உன்னைப் பாக்குமா?"

"அதான் நீ பாக்குறியே, போதாதா? தோட்டைக் குடு."

தங்கை கொடுத்துவிட்டாள்.

அம்மா விட்டுப்போன வெள்ளித் தோடு அது. ஏழு குட்டி மணிகள் ஒட்டி நின்று ஒரு பூவாகும். ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் பின்தண்டு முறிந்திருந்தது. அக்கா புதுத் தண்டை நிறுத்தி, உருகி ஒட்டவைக்கும் பற்றாசுத் துணுக்கை அதன் அடியில் வைத்து, நெருப்பை நேராகத் துணுக்கின் மேலேயே பிடித்தாள். அது உருண்டு ஒதுங்கியதே தவிர ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் என்றாள். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளி எப்போதும்போல் வெள்ளையாகவே இருந்தது. திடீரென்று பளபளத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏழு மணியும் ஒரே உருண்டை.

தங்கை மற்றத் தோட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அக்காவுக்கு வீட்டில் பம்பரம் என்று பேர். அப்பா வைத்தது. நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள், பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிப்பாள். தட்டச்சு வகுப்பு மூன்று வாரம். நீச்சல் இரண்டே நாள். "தண்ணி ரொம்ப மெதுவா இருக்கு" என்று வந்துவிட்டாள். சைக்கிளைத் தானே கற்றாள். முழங்கால் இன்றைக்கும் சாட்சி சொல்லும். கண்ணாடிக் கடையில் மட்டும் நிலைத்ததற்குக் காரணம், பத்து நிமிடத்துக்கு ஒரு மூக்கு மாறுவதுதான்.

அந்த வாரம் முழுக்க உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். சனிக்கிழமை சொல்லாமல் கிளம்பிப் போய் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

"மூணு மணி நேரம்! ஒரு செம்புத் தகடு, ஒரே ஒரு கோடு. அதை நேரா அறுக்கணுமாம்" என்று செருப்பைக் கழற்றும் முன்பே பொரிந்து தள்ளினாள். "பதினோரு பிளேடு ஒடிஞ்சுது. டீச்சர் என்னைவிடப் பத்து வயசு சின்னவ. 'உங்களுக்கு பஸ் போயிடுமா அக்கா?'ன்னு கேக்குறா."

மூன்றாவது வாரம் கை கழுவிவிடுவாள் என்று தங்கை காத்திருந்தாள். அன்று நல்ல மழை, சாக்குக்கும் பஞ்சமில்லை. அக்கா வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். மூன்றாவது தடவை குடையை விரித்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் நெருப்பு. வந்ததும் ஒரு கரண்டியை டார்ச்சாகப் பிடித்து நடித்துக் காட்டினாள்.

"என் மணிக்கட்டைப் புடிச்சு நகர்த்துனா. 'துணுக்குக்குச் சூடு காட்டாதீங்க, வெள்ளிக்குக் காட்டுங்க. துணுக்கு தானா உருகிப் பரவும்'னா. அப்புறம் என்ன பண்ணுனா தெரியுமா? லைட்டை அணைச்சுட்டா. இருட்டுலதான்டி அந்த மங்கின செவப்பு தெரியுது. அங்கே நிறுத்தணும். நான் அன்னிக்கு அதைத் தாண்டிப் போயிருக்கேன், எனக்கே தெரியல."

"நாப்பது வீடியோல ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"அணைச்சா வீடியோல என்ன தெரியும்?"

அதன்பின் வாராவாரம் செம்புத் துண்டுகள் வந்தன. அக்கா ஒவ்வொன்றின் தண்டையும் இடுக்கியால் முறுக்கி இழுத்துப் பார்ப்பாள், அசையாவிட்டால் அடுத்தது. அலமாரிப் பக்கம் மட்டும் பார்வை போகாது. கேட்டால் மறுத்துவிடத் தங்கை சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். அக்கா கேட்காததில்தான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூட்டிய தோட்டின் தண்டும் ஆடிக்கொண்டிருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது வாரம் அக்கா ஒரு பூவை மேசையில் வைத்தாள். உருண்டையை வெட்டி உருக்கி மறுபடி ஏழு மணிகள். ஒரு மணி லேசாகச் சாய்ந்திருந்தது. தண்டைத் தங்கையே இடுக்கியால் இழுத்தாள். வரவில்லை.

மறுநாள் மதியம் தங்கை அலமாரியைத் திறந்து, மற்றத் தோட்டைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். அக்கா தொட்டதும் தண்டு கையோடு வந்தது.

அக்கா அதையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்று தங்கை பார்த்ததே இல்லை. பிறகு தண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துணுக்கை வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். டார்ச்சைக் கையில் எடுத்தாள்.

"லைட்டை அணைடி" என்றாள். "அணைச்சுட்டு உள்ளே ஓடிடாதே. பக்கத்துல வந்து நின்னு என் கையைப் பாரு."