லவெர்னின் பிராந்தி ஃப்ளோட்டும் நாற்பது ‘வேண்டாம்’களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில், லவெர்ன் குரோல் கலக்கிய பிராந்தி ஃப்ளோட்டைக் குடிக்காமல் செத்துப்போனவர் ஒருவர்கூடக் கிடையாது. கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லியாயிற்று. கைக்குழந்தைகளையும் இரண்டு பாதிரிமார்களையும் கழித்துக்கொள்ளலாம். ஏரி மீன்களைக் கழிப்பதா வேண்டாமா என்பதுதான் சந்தேகம். கோப்பை கழுவிய தண்ணீர் அங்கேதானே போகிறது!

பைன்முனை விடுதியின் மதுமேடைக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருடங்களாக நிற்பவள் லவெர்ன். ஆள் குட்டை, குரல் நெட்டை. வெள்ளிக்கிழமை என்றால் ஊரே அங்கே மீன் வறுவலுக்கு வந்துவிடும். சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வயிற்றில் இடமிருக்காது. ஆனால் ஃப்ளோட்டுக்கு வயிறு தேவையில்லை, ஆசை போதும் என்பது அவள் கட்சி.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. பனி படிந்த கண்ணாடிக் கோப்பையில் வனிலா ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை. மேலே ஒரு சின்ன அளவை பிராந்தி. விஸ்கி கேட்பவனை வெளியூர்க்காரன் என்று மன்னித்துவிடுவாள். பிராந்தி ஐஸ்கிரீமுக்குள் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ரூட் பீர். பேரில்தான் பீர், நன்னாரியின் ஒன்றுவிட்ட தங்கை போல மணக்கும் சோடா அது. கோப்பையைச் சாய்த்து, ஓரமாக, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் நுரை பொங்கி மேடையெல்லாம் வழியும்.

குடிப்பவருக்கும் அதே சட்டம்தான். மடக்கென்று குடித்தால் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி வலிக்கும். ஆறப்போட்டாலோ உருகிவிடும். கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. வேறு வழியில்லை, உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இதைத்தான் ஆர்டிஸ் மோயென் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முப்பது வருட வாடிக்கைக்காரி, லவெர்னுக்கு உயிர்த்தோழி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகப் படுத்துக்கொண்டு, லவெர்னின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க சர்ச்சுல சாவுச் சாப்பாடுன்னா உனக்குத் தெரியாதுடீ. ஹாம் சாண்ட்விச்சு, காப்பி, ரெண்டு துண்டு கேக்கு. முக்கா மணி நேரத்துல பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் எய்னர் மட்டும் அந்த வீட்டுக்குள்ள போயி நிக்கணும். இருக்கறதே ஒரு புருஷன், பேசவும் தெரியாது. நீ வந்து எல்லாருக்கும் ஃப்ளோட் போடு. சனங்க எந்திரிக்காம பாத்துக்க.”

“சர்ச்சுக்குள்ள பிராந்தியா? உங்க ஆளுங்க என்னையும் சேர்த்துப் புதைச்சிருவாங்கடீ.”

“பொதைச்சா எனக்குத் துணையாச்சு. சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டாள்.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஆர்டிஸின் அடக்கத்தன்று, லூத்தரன் சர்ச்சின் புல்வெளியில் வண்டியை நிறுத்தினாள் கத்தோலிக்கக்காரி லவெர்ன். ஐஸ் பெட்டிக்குள் நாற்பது கோப்பை, ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம், இரண்டு பெட்டி சோடா. பிராந்தி கைப்பைக்குள். பாதிரியார் ஹால்வர்சன் சின்ன வயதுக்காரர். பையை ஒரு பார்வை பார்த்தார், வானத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“அடித்தள மண்டபத்துல மது கூடாதுன்னு சுவத்துல எழுதிப்போட்டிருக்கு, அம்மா. மேப்பிள் மரத்தடியப் பத்தி எதுவும் எழுதல. எழுதாதத நான் எப்படிப் படிக்கிறது?”

மரத்தடியில் மேசை போட்டாயிற்று. பிரார்த்தனை முடிந்து, சாண்ட்விச் தட்டோடு சனங்கள் வெளியே வந்தார்கள். லவெர்ன் முதல் கோப்பையைத் தயாராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஆர்டிஸ் பேருல ஒரு ஃப்ளோட்?”

“வேண்டாம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள் சிக்னி. முப்பது வருடமாகச் சர்ச் சமையலறையை ஆண்டுகொண்டிருப்பவள்.

அடுத்தவர், “நல்லாத்தான் இருக்கும். ஆனா வேண்டாம்” என்றார்.

“இப்பத்தான் காப்பி குடிச்சேன்.”

“மத்தவங்களுக்குக் குடும்மா.”

நாற்பது பேர், நாற்பது ‘வேண்டாம்’. மதுமேடையில் ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். லவெர்ன் அவனுக்கு மல்லுக்கட்டி ஊற்றியதில்லை. இங்கேயும் அப்படியே கோப்பையைக் கீழே வைத்தாள். ஐஸ்கிரீம் டப்பாவின் ஓரம் இளகத் தொடங்கியது. மணி பன்னிரண்டரை. எய்னர் ஒரு நாற்காலி நுனியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கார் சாவிகள் குலுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அந்தக் கை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கீழே இறங்குவது போல லவெர்னுக்குத் தோன்றியது.

சொன்ன வாக்கு கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, உன் ஆட்களை நீயே வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று செத்தவளை மனசுக்குள் திட்டினாள்.

திட்டும்போதுதான் பொறி தட்டியது. முப்பது வருட வெள்ளிக்கிழமைகளில் ஆர்டிஸ் ஒரு தடவையாவது ‘கொடு’ என்று சொல்லியிருக்கிறாளா? “இன்னிக்கு வேண்டாம்டீ” என்பாள். “சும்மா இருடீ” என்று லவெர்ன் ஐஸ்கிரீமை எடுப்பாள். “ஐயோ, உனக்கு வேலை” என்பாள். பிறகு, “சரி, சின்னதா ஒண்ணு. நீ எப்படியும் போடுறதா இருந்தா.” அது அவளுடைய குணம் என்றே லவெர்ன் இத்தனை நாள் நினைத்திருந்தாள். குணமில்லை, வளர்ப்பு. இந்த மரத்தடியில் இருப்பது நாற்பது ஆர்டிஸ்கள். முதல் கேள்விக்கே தலையாட்டினால் பறக்காவட்டி என்று பேராகிவிடும்.

கார் கதவில் கை வைத்திருந்த சிக்னியை எட்டிப் பிடித்தாள்.

“சிக்னி, ஒரு ஃப்ளோட்.”

“அதான் வேண்டாம்னேனே. வீணா எதுக்கு?”

“எடுத்தாச்சு. உருகுது. குப்பையில கொட்டவா?”

சிக்னியின் கண் கோப்பைக்குப் போய்த் திரும்பியது. “கொட்றதா? பாவமில்ல? சரி, நீ எப்படியும் போடுறதா இருந்தா... சின்னதா.”

“சின்னதாத்தான்” என்று பெரிய உருண்டையாக இரண்டு போட்டாள் லவெர்ன். பிராந்தியை ஊற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவரை மறுபடி கேட்டாள். அதற்கடுத்தவரை மூன்று தடவை கேட்டாள். ஒரு தாத்தா மட்டும் நான்கு தடவை கேட்க வைத்தார், பெருமைக்காரர். குடிக்காதவர்களுக்கு வெறும் சோடா. பாதிரியாருக்கு எது போனது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது.

சாவிகள் பைக்குள் திரும்பிப்போயின. நீளக் கரண்டிகள் கிணுகிணுத்தன. வேகமாகக் குடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்ட ஒருவரைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அடங்கி, மறுபடியும் சிரித்தார்கள். ஒருத்தி, ஏதோ ஒரு வெயில் காலத்தில் ஆர்டிஸ் படகோடு கவிழ்ந்த கதையை எடுத்தாள்.

எய்னர் முன்னால் கடைசிக் கோப்பையை வைத்தாள் லவெர்ன். கேட்கவில்லை.

“வேண்டாமே” என்றார்.

“தெரியும்.”

கரண்டியை எடுத்துக்கொண்டார். நுரையை ஒரு கிண்டு கிண்டினார். “படகு கவுந்தது வெயில் காலத்துல இல்ல. அக்டோபர்ல” என்றார் அந்தப் பக்கம் திரும்பி. நாற்காலிகள் அவரை நோக்கி நகர்ந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை பைன்முனையில், மீன் தட்டு ஏந்தியவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி லவெர்ன் அளந்துகொண்டிருந்தாள்: “ஒரு டப்பா ஐஸ்கிரீம வச்சுக்கிட்டு, அத்தனை லூத்தரன் சனத்தையும் ராத்திரி வரைக்கும் அந்த மரத்தடியில கட்டிப்போட்டேன்ல நான்!”

மேடையின் கோடியில் உட்கார்ந்திருந்த எய்னர் தொண்டையைச் செருமினார்.

“நாலே காலுக்கே எந்திரிச்சிட்டோம், லவெர்ன். ராத்திரி ஆனது எங்க வீட்டுல. சிக்னியும் அவ புருஷனும் மிச்ச ஐஸ்கிரீமத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்துட்டாங்க.”