பிடிமண்

ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு, புதுச்சேரிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை நான் எடுத்துக்கொண்டேன். பழைய மீன் தொட்டிக்குள் நிலக்கரிச் சுரங்கம் செய்வதாகத் திட்டம். நெய்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்த சித்தப்பாவிடம் ஒரு கட்டி பழுப்பு நிலக்கரி கேட்டிருந்தேன். வீட்டையும் நிலத்தையும் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு எங்கள் முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றும், மறக்காமல் அதைக் கொண்டுவந்தார். கூடவே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. குலசாமி கோயிலில் எடுத்த பிடிமண். அதை வைத்துத்தான் புது இடத்தில் சாமியை நிறுத்துவார்கள். மனை அமையும்வரை எங்கள் பூஜை அலமாரியில் இருக்கட்டும் என்றார்.

"யாரும் கை வைக்கக் கூடாது" என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு முதல் நாள், தொட்டியில் கரி அழகாக உட்கார்ந்துவிட்டது. மேலே பரப்பிய கடற்கரை மணல்தான் நெய்வேலி மண்போலத் தெரியவில்லை. அந்த முடிச்சிலிருந்து ஒரு சிட்டிகை செம்மண் எடுத்தால் சாமிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? சிட்டிகை போதவில்லை. முழுவதையும் கொட்டிவிட்டு, கண்காட்சி முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று துணிக்குள் மணலை முடிந்துவைத்தேன்.

மறுநாள் கையில் குச்சியோடு, "முதலில் மேலே இருக்கும் வேண்டாத மண்ணை அகற்றுவார்கள்" என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்தேன். சித்தப்பாவும் வந்தார். தொட்டியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்மூரு மண்ணாட்டமே இருக்குதே, கண்ணு."

"ஸ்கூல் தோட்டத்து மண்ணு, சித்தப்பா."

"நல்லா சொல்றடி" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

எனக்கு முதல் பரிசு. மேடையேறி வாங்கிக்கொண்டு வருவதற்குள் தொட்டியை யாரோ குப்பை வண்டியில் கவிழ்த்துவிட்டார்கள். வண்டியும் போய்விட்டது. அழுதால் காரணம் கேட்பார்களே என்று அதையும் விழுங்கிக்கொண்டு, ஸ்கூல் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடிக்கடியில் செம்மண்ணைத் தோண்டி, வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியில் மணலுக்குப் பதிலாக முடிந்துவைத்தேன். சொன்ன பொய்யை அன்று மாலைக்குள் மெய்யாக்கிய சாமர்த்தியசாலி நான்.

சில மாதங்கள் கழித்து நோணாங்குப்பம் பக்கம் வாங்கிய மனையில், சித்தப்பா அந்த மண்ணைக் குழியிலிட்டு மேலே கல் நட்டார். கற்பூரம் காட்டும்போது வாய்விட்டு அழுதார். பிறகு அந்த மண்ணையே ஒரு துளி தொட்டு என் நெற்றியில் வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அம்மா நின்றிருந்தாள். அடங்கிவிட்டேன்.

இன்றும் ஆடி மாதம் அங்கேதான் பொங்கல் வைக்கிறோம். என் பிள்ளைக்கு அந்தக் கல்லின் முன்னால்தான் மொட்டையடித்தோம். இன்னும் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் கூசுகிறது.

பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், என்றைக்கு வேண்டுமானாலும் இன்னொரு பிடி அள்ளி வரலாம் என்றுதான் அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சித்தப்பா அழுததைப் பக்தி என்று நினைத்தேன். அவர் ஊரைவிட்டு வந்த மறுவாரமே கோயிலிருந்த இடத்தையும் தோண்டிவிட்டார்கள் என்பதும், இன்னொரு பிடி அள்ள அங்கே ஊரே இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.