ஆறு ராத்தல் ஆண் குழந்தை

சாமி படத்தைக் குப்பைத் தொட்டியில் போட எனக்குக் கை வராது. நம்மவர்கள் யாருக்குத்தான் வரும்? கண்ணாடி விரிசல் விட்ட படத்தை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. அதனால் தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடித்தபோது, அம்மா காலத்து முருகன் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், பிறை டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலின் அரசமரத்தடியில் சாய்த்து வைத்தேன். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு படங்கள் வரிசையாக நின்றன. சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு பக்தி எனக்கு!

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கெப்பாலா பத்தாஸிலிருந்து சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை. திங்கட்கிழமை அண்ணனுக்குப் பதிவு ஆபீஸில் குடியுரிமைக்கான நேர்காணல் இருந்தது. அவருக்குத் திருநீறு பூசிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். சாமி மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முருகன் படம் எங்கடி?"

"கண்ணாடி உடைஞ்சிருச்சு சின்னம்மா. மரத்தடில வச்சிட்டேன்."

"அடிப்பாவி! உங்கண்ணனோட பொறப்புச் சீட்டு அதுக்குப் பின்னாலதானே இருக்கு? உங்கம்மா அட்டைய வச்சு மூடுறப்போ நான்தானே ஆணியப் புடிச்சுக்கிட்டிருந்தேன்!"

அந்தச் சீட்டைத்தான் எத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தோம்! சின்னம்மாவோ எங்களுக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டார். அண்ணன் எஸ்டேட் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அங்கே கொடுத்த சீட்டையே பிறப்புப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு, அப்பா எங்கும் போய்ப் பதியவில்லை. நான் பிறந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில். எனக்குக் குடிமக்களின் நீல ஐ.சி. அட்டை கிடைத்தது, அண்ணனுக்குச் சிவப்பு. இதே மண்ணில் பிறந்து, அறுபதை நெருங்கும்வரை வெளிநாட்டுக்காரர் என்ற பெயரோடு இருக்கிறார். பிறைத் தொழிற்சாலைகளில் லாரிக்கு மூட்டை ஏற்றினார். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் ஐ.சி. நிறத்தைக் கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோட்டமும் இன்று இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அம்மாவோ பக்கவாதம் வந்து, பேச்சுப் போய், எங்கே வைத்தார் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அரசமரத்தடிக்கு ஓடினேன். ஒரு படமும் இல்லை. பூக்கட்டும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். "மரச்சட்டத்துக்காக ஒருத்தர் வேன்ல வந்து அள்ளிட்டுப் போவாரு. ஞாயித்துக்கெழம ஜார்ஜ்டவுன் கார் பூட் சேல்ல விப்பாரு. போய்ப் பாரும்மா."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நானும் அண்ணனும் தீவுக்குப் போகும் பாலம் ஏறினோம். வழி நெடுக நான் புலம்பினேன். அவர் திட்டினாலாவது மனசு ஆறும். மனுஷன் திட்டவும் மாட்டார்.

அது ஒரு பெரிய கார் நிறுத்துமிடம். நூற்றுக்கணக்கான கார்கள் பின்கதவைத் திறந்துகொண்டு வரிசை கட்டி நின்றன. தார்ப்பாயில் பழைய செருப்பு, பீங்கான் மங்கு, தையல் மெஷின், யாரோ செத்த பிறகு வீட்டைக் காலி செய்த சாமான். முன்பெல்லாம் சல்லிசாகப் பாத்திரம் வாங்க இங்கே ஆசையாக வருவேன். அன்றைக்கு எல்லாம் பிணத்தின் மேலிருந்து உருவிய மாதிரி இருந்தது. ஒருவன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு "மூரா! மூரா!" என்று கத்தினான். மலிவாம். அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

நாலாவது வரிசையில் அந்த வேன் நின்றது. சட்டங்கள் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கியிருந்தன. எங்கள் தேக்குச் சட்டத்தை ஓரத்துச் சூட்டுத் தழும்பை வைத்தே கண்டுபிடித்தேன். சூடம் காட்டும்போது அம்மா சுட்டது. உள்ளே முருகன் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் நானும் அண்ணனும் தெரிந்தோம்.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். "சாமி படத்த நான் கெடுக்கல அக்கா," என்று பதறி, ஒரு துணி மூட்டையை எடுத்துக் காட்டினார். எல்லாப் படங்களையும் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "வாரா வாரம் ஒரு ஐயர்கிட்ட கொடுத்துருவேன்."

"படம் வேணாம் தம்பி. பின்னால ஒரு சீட்டு இருந்துச்சே?"

அவர் முகம் மாறியது. "எஸ்டேட் முத்திரை போட்டது, அதா?"

"அதேதான்! எங்க?"

"அது போச்சே அக்கா. காலையில மொத யாவாரமே அதுதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு தடித்த ஃபைலைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைகளுக்குள் பழைய கூப்பன்கள், தோட்டச் சம்பளச் சீட்டுகள், கப்பல் டிக்கெட்டுகள், படம் ஒட்டிய அடையாள அட்டைகள். எல்லாம் நம் சனங்களின் முகம். "சேகரிக்கிறவங்க இருக்காங்க அக்கா. கஃபே வச்சிருக்கவங்க செவுத்துல மாட்டுவாங்க. பழசுன்னா அவங்களுக்கு ஆச."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒருத்தன் பிறந்ததையே விற்றுவிட்டாயே, உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா என்று கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் என் கையைப் பிடித்தார். "விடும்மா. அவரு என்ன செய்வாரு? மரத்தடில கெடந்தத எடுத்தாரு."

மரத்தடியில் போட்டது யார்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கடைக்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. சட்டென்று கைப்பேசியை எடுத்தார். "படம் புடிச்சிருக்கேன் அண்ணே. விக்கிறதுக்கு முன்னால குரூப்ல போடுவேன்." நீட்டினார்.

அண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பழுப்பேறிய தாள். ஆங்கிலத்தில் சாய்வான கையெழுத்து. தாயின் பெயர் இருந்தது. ஆண் குழந்தை, ஆறு ராத்தல். குழந்தைக்குப் பெயர் இன்னும் வைத்திருக்கவில்லை. கீழே அம்மாவின் கைநாட்டு, ஊதா மையில். பிறந்து இத்தனை வருடத்தில் அண்ணன் அதை முதல் முறையாகப் பார்த்தது அந்த வேனுக்குப் பக்கத்தில் நின்றுதான்.

"ஆறு ராத்தல் இருந்திருக்கேன் பாரு," என்று சிரித்தார்.

வாங்கினவர் தொப்பி போட்ட ஒரு வயதான சீனர், பச்சைப் பை வைத்திருந்தார், அவ்வளவுதான் தெரியும். கடைக்காரர் வேனைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு எங்களோடு நடந்தார். தொப்பி போட்ட ஒவ்வொரு கிழவரின் முகத்தையும் பார்த்தோம். பச்சைப் பை வைத்திருந்த ஒருவரை நான் ஓடிப்போய் மறித்தேன். பைக்குள் வெங்காயம் இருந்தது. வெயில் ஏறியது. கார்களின் பின்கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பன்னிரண்டு மணிக்கு அங்கே அட்டைப் பெட்டிகளும் குப்பையும் நாங்களும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி மரியாதையான பெண். அண்ணன் நீட்டிய கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒரிஜினல் மானா, அங்கிள்?" அசல் எங்கே?

நான் வாயைத் திறந்தேன். தூக்கிப் போட்டது நான்தான் என்று சொல்லிவிடத்தான் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். "அடா. டி ரூமா." இருக்கிறது, வீட்டில்.

அதிகாரிக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் ஒரு தேதி போட்டு, மறக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்ணே பொய் சொன்ன? தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா வேற வழியாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல?"

அவர் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார். "தொலைஞ்சு போச்சுன்னா, யாரு தொலைச்சான்னு கேப்பாங்கம்மா. எழுதிக்குவாங்க. என் ஃபைல்ல உன் பேரு அப்படியா வரணும்?"